மென்பொருளுக்கு இருக்கும் உரிமை பாட்டுக்கு ஏன் இல்லை?

ஒன்றிய வர்த்தகம், தொழில்துறை அமைச்சர் அவர்களுக்கும், பதிப்புரிமைச் சட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறையின் உயர் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி 52ஆம் பிரிவில் இருக்கிறது. 52(1)(ஏடி) என்பது அதன் எண். தனக்கென்று முறையாகப் பெற்ற பிரதியிலிருந்து, லாப நோக்கமில்லாத சொந்த உபயோகத்துக்காக ஒருவர் நகல் எடுத்துக்கொண்டால் அது மீறல் ஆகாது என்று அது சொல்கிறது. சட்டப் புத்தகத்தில் இவ்வளவு நேராகப் பேசும் வாக்கியங்கள் குறைவு. சங்கடம் என்னவென்றால், அது கணினி மென்பொருளுக்கு மட்டும்தான். 1999 திருத்தத்தில் வந்தது. அதற்கும் முன்னால், பிளாப்பி வட்டுகளின் காலத்திலேயே, 1994 திருத்தம் இன்னொரு வசதியைச் செய்து வைத்திருக்கிறது: வாங்கிய மென்பொருள் தொலைந்தோ அழிந்தோ கெட்டோ போய்விடலாம் என்பதால் காப்புப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

பாட்டு கேட்பவர்களுக்கும் படம் பார்ப்பவர்களுக்கும் இதே உரிமையை எழுதித் தாருங்கள் என்பதுதான் என் கோரிக்கை. மீதி எல்லாம் அதற்கான காரணங்கள்.

எங்களுக்கு இப்போது எதுவுமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2012 ஜூன் 21 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, கணினி மென்பொருள் தவிர எந்தப் படைப்பையும் தனிப்பட்ட, சொந்த உபயோகத்துக்காக நியாயமான அளவில் கையாளலாம். அதற்காக மின்னணுச் சாதனத்தில் சேமித்து வைப்பதும் குற்றமில்லை. இது பெரிய மாற்றம். ஆனால் நாட்டில் பலருக்கு இது நடந்ததே தெரியாது.

அதற்கு முந்தைய நிலை என்னவென்று பார்த்தால்தான் இதன் அருமை புரியும். எண்பதுகளில் தமிழ்நாட்டின் எந்த ஊர்க் கடைத்தெருவிலும் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருக்கும். சுவர் முழுக்க எல்பி இசைத்தட்டுகள், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் டேப் டெக்குகள். நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு போவோம். அறுபதா தொண்ணூறா என்று கேட்டு, நான்கு நாள் கழித்து வரச் சொல்வார் கடைக்காரர். கேசட் அட்டையில் பாட்டின் பெயர்களை முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருப்பார். பின்பக்கத்தில் இரண்டு நிமிடம் மிச்சம் விழுந்தால், தன் ரசனைக்கு ஒரு பாட்டைச் சேர்த்துவிடுகிறவர்களும் உண்டு. சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் காசு வாங்கிக்கொண்டு நகல் போட்டுக் கொடுத்த அந்த வியாபாரம் சட்டப்படி மீறல்தான். அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. நான் சொல்ல வருவது வேறு. கடைக்கே போகாமல், தன் காசில் வாங்கிய இசைத்தட்டைத் தன் வீட்டு டேப் ரெக்கார்டரில் பதிவு செய்து காரில் கேட்டவருக்கும் அன்றைய சட்டம் எந்த விலக்கும் தரவில்லை. ஆய்வுக்கும் சொந்தப் படிப்புக்குமான விலக்கு அன்று இலக்கியம், நாடகம், இசையமைப்பு, ஓவியம் போன்ற படைப்புகளுக்கு மட்டுமே இருந்தது. ஒலிப்பதிவும் திரைப்படமும் அந்தப் பட்டியலில் கிடையாது. அதாவது பாட்டின் மெட்டுக்கு விலக்கு உண்டு, அந்த மெட்டைப் பாடிப் பதிந்த தட்டுக்கு இல்லை. ஒரு தலைமுறை முழுவதும் தனக்குத் தெரியாமலே சட்டத்துக்கு வெளியே உட்கார்ந்து பாட்டுக் கேட்டது.

2012இல் அந்தக் கதவு திறந்தது. ஆனால் அரைக் கதவுதான். 'நியாயமான கையாளுகை' என்றால் எவ்வளவு என்று சட்டம் சொல்வதில்லை. புத்தகத்திலிருந்து இரண்டு பக்கம் எடுப்பது நியாயம் என்று யாரும் ஒப்புக்கொள்வார்கள். ஒரு பாட்டைப் பாதியோடு நகல் எடுத்து என்ன செய்வது? படத்தின் இடைவேளை வரை மட்டும் சேமித்து வைக்க முடியுமா? இசைக்கும் படத்துக்கும் சொந்த நகல் என்றாலே முழு நகல்தான். முழுதாக எடுத்தால் அது நியாயமா என்ற கேள்விக்கு, வாங்கிய வட்டை வீட்டில் நகல் எடுக்கும் ஒருவர் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் பதில் கிடைக்காது. மும்பை உயர் நீதிமன்றம் 2019இல் இசை வெளியீட்டு நிறுவனமான டிப்ஸுக்கும் ஏர்டெல்லின் பாட்டுச் செயலியான விங்க் மியூசிக்குக்கும் நடந்த வழக்கில் இந்த நியாயமான கையாளுகை விலக்கைப் பற்றிப் பேசியது. வாடிக்கையாளர்கள் செல்போனில் பாட்டைச் சேமிப்பது அவர்களுடைய சொந்த உபயோகம்தானே என்று விங்க் தரப்பு வாதிட்டது. பாட்டை விற்றுக் காசு பார்க்கும் நிறுவனம் வாடிக்கையாளரின் விலக்குக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்ற வகையில் நீதிமன்றம் அதை நிராகரித்தது. எனக்கு அந்த முடிவில் குறை இல்லை. ஆனால் உரிமைக்காரருக்குப் பணம் கொடுத்து, கடையில் வட்டு வாங்கி, வீட்டில் நகல் எடுப்பவரின் நிலை அந்த வழக்கில் கேள்வியாகவே வரவில்லை. அவர் இன்னும் வாசலில்தான் நிற்கிறார்.

இது வெறும் வாதப் பிரதிவாதமாக இருந்தால் பரவாயில்லை. தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் 63ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். லாப நோக்கம் இல்லையென்றால் நீதிமன்றம் குறைக்கலாம் என்று ஒரு சலுகை இருக்கிறது. ஆனால் அது வழக்கு முடிந்து தண்டனை சொல்லும்போது வருவது. இந்தக் குற்றம் பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடியது, ஜாமீனில் விட முடியாத வகையைச் சேர்ந்தது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உதவி ஆய்வாளர் நிலையில் இருக்கும் காவலர் நகல்களைப் பறிமுதல் செய்ய 64ஆம் பிரிவு அனுமதிக்கிறது. வீட்டுக்குள் புகுந்து யாரும் பென்டிரைவைத் தேடப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் தண்டனை இவ்வளவு கடுமையாக இருக்கும் சட்டத்தில், எது குற்றமில்லை என்று சொல்லும் பகுதி இவ்வளவு மங்கலாக இருக்கக் கூடாது.

பயம் வீட்டில் இல்லை, கடையில் இருக்கிறது. பழைய வீடியோ கேசட்டைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் கடைகள் இன்னும் சில இருக்கின்றன. கல்யாண கேசட்டைக் கொண்டுபோனால் வாங்கிக்கொள்வார்கள். தொண்ணூறுகளில் காசு கொடுத்து வாங்கிய படக் கேசட்டை நீட்டினால், "சார், இது வேண்டாம் சார், பிரச்சினை ஆயிடும்" என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். எழுபது வயதில் ஒருவர் தன் கேசட்டைத் தானே கணினியில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்க முடியுமா? அவருக்கு உரிமை இருந்தால், அவர் சார்பில் செய்து கொடுப்பவருக்கும் இருக்க வேண்டாமா?

வேடிக்கை என்னவென்றால், இப்படி உதவி செய்கிற ஒருவரை உங்கள் சட்டமே கற்பனை செய்து வைத்திருக்கிறது. 65ஏ பிரிவைச் சொல்கிறேன். டிஜிட்டல் பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிற பிரிவு. அதை எழுதியவர்களுக்கு ஒரு சபாஷ் போட வேண்டும். அமெரிக்கா 1998இல் கொண்டுவந்த சட்டம், பூட்டை உடைப்பதையே தனிக் குற்றமாக்கியது. எதற்காக உடைத்தாய் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. நம் சட்டம் கேட்கிறது. பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு உடைத்தால்தான் குற்றம். சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத ஒரு காரியத்துக்காக உடைத்தால் குற்றமில்லை. ஆக, நான் வாங்கிய டிவிடியின் பூட்டை என் சொந்த உபயோகத்துக்காகத் திறக்கலாம். இதை வேறொருவர் எனக்குச் செய்து கொடுத்தால், அவர் என் பெயர், முகவரி, அடையாளம் காணத் தேவையான விவரங்கள், எந்தக் காரியத்துக்காக என்ற தகவல் எல்லாவற்றையும் பதிவு செய்து வைக்க வேண்டும். துப்பாக்கிக் கடைக்காரர் வைத்திருப்பதைப் போன்ற ஒரு பேரேடு! தெருமுனையில் 'மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்' என்று பலகை வைத்திருப்பவர் இப்படி ஒன்று வைத்திருப்பதை நான் பார்த்ததில்லை. அவர் ஏற்றித் தருவது பெரும்பாலும் இந்த விலக்கில் அடங்காது என்பது வேறு விஷயம். ஆனால் முறையாக வேலை செய்ய நினைக்கும் டிஜிட்டைசிங் கடைக்காரருக்கு, இந்தப் பிரிவு தன்னைக் காப்பாற்றக் கூடியது என்பதே தெரியாது.

பூட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். டிவிடியில் இரண்டு பூட்டு உண்டு. ஒன்று நகல் எடுக்க விடாத குறியீடு. இன்னொன்று பிராந்திய எண். உலகத்தை வட்டாரங்களாகப் பிரித்து, ஒரு வட்டாரத்தில் விற்றதை இன்னொரு வட்டாரத்து இயந்திரத்தில் ஓடவிடாமல் செய்வது. நாம் 5ஆம் வட்டாரம். சிங்கப்பூரும் மலேசியாவும் 3. சிங்கப்பூரில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்புகிறவர், அங்கே ரசீதோடு வாங்கிய வட்டில் இந்த எண் இருந்தால் இங்கே அதைப் போட்டுப் பார்க்க முடியாது. அவர் யாரிடமும் எதையும் திருடவில்லை. ஊர் திரும்பியது மட்டும்தான் செய்தார். முதல் பூட்டு 1999லேயே திறந்துகொண்டது. அதற்குக் காரணமானவர்களில் ஒருவரான நார்வேப் பையன் ஜான் லெக் ஜோஹன்சன் மீது வழக்குப் போட்டார்கள். முறையாக வாங்கிய படத்தைப் பார்க்கத் தனக்கு உரிமை உண்டு என்பதை ஓஸ்லோ நீதிமன்றம் ஏற்று 2003இல் அவரை விடுதலை செய்தது. அதற்குப் பிறகும் அந்தப் பூட்டு வட்டுகளில் தொடர்ந்தது. திருட்டு நகல் போடுகிறவனுக்கு அது ஒரு நாளும் தடையாக இருந்ததில்லை. அவன் விற்கும் வட்டில் பூட்டே கிடையாது. காசு கொடுத்து வாங்கியவரிடம்தான் பூட்டுப் போட்ட வட்டு இருக்கிறது.

அந்த வட்டுகள் இன்று என்ன நிலையில் இருக்கின்றன என்று பாருங்கள். 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்க ஆரம்பித்தது. திருட்டு விசிடியின் விலைக்கே நல்ல வட்டு கிடைக்கிறது என்று நம் ஊரில் எத்தனையோ குடும்பங்கள் முதன்முறையாகச் சட்டப்படி படம் வாங்கின. என் வீட்டு இரும்பு அலமாரியிலும் ஒரு தட்டு முழுக்க அவைதான். 2018இல் அந்த நிறுவனம் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஆணைப்படி கலைப்புக்குப் போனது. வட்டில் கீறல் விழுந்தால் மாற்றிக் கேட்க இப்போது ஆள் இல்லை. சென்னை மாதிரி உப்புக் காற்று ஊரில் வட்டின் அலுமினியப் பூச்சு மெல்ல மெல்ல அரிக்கிறது. கேசட் நாடாவில் பூஞ்சை ஏறுகிறது. வீடியோ கேசட் ஓட்டும் இயந்திரத்தைத் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையில் கையை விரித்துவிட்டது. பெரும்பாலான புது மடிக்கணினிகளில் வட்டு போடும் இடமே இல்லை. வாங்கிய பொருளை நகல் எடுத்து வைக்காவிட்டால் பத்து வருடத்தில் அது கையில் இருக்காது. கல்யாண ஆல்பத்தையும் நிலப் பத்திரத்தையும் ஸ்கேன் செய்து வைக்கிறோம். பாட்டுக்கு மட்டும் ஏன் தயக்கம்?

இனி வட்டே கிடையாது, எல்லாம் இணையத்தில்தானே என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது இளைஞர் சொல்லக்கூடும். அங்கேதான் கதை இன்னும் மோசம்.

ஃபிளிப்கார்ட் 2012 பிப்ரவரியில் ஃபிளைட் என்ற இசைக் கடையைத் திறந்தது. பூட்டில்லாத எம்பி3 கோப்பாகப் பாட்டை விலைக்கு விற்றது. இந்தியாவில் சட்டப்படி பாட்டு வாங்க அப்போது இருந்த மிக நேர்மையான வழிகளில் அது ஒன்று. 2013 ஜூனில் மூடிவிட்டார்கள். வாங்கியதையெல்லாம் குறிப்பிட்ட தேதிக்குள் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இறக்கி நகல் எடுத்து வைத்தவர்களிடம் அந்தப் பாட்டுகள் இன்றும் இருக்கின்றன. பதினொரு வருடம் கழித்து, 2024 ஆகஸ்டில், விங்க் மியூசிக்கை மூடப்போவதாக ஏர்டெல் அறிவித்தது. அங்கே பயனர்கள் 'டவுன்லோடு' செய்து வைத்தவை எல்லாம் செயலிக்குள் மட்டும் திறக்கும் கோப்புகள். செயலி போனால் அவையும் போயின. சந்தா கட்டிக் கேட்பது வாடகை மாதிரி. அதில் எனக்குப் புகார் இல்லை. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னால் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தி, வாடகைக்குக் கேட்டதைவிடப் பல மடங்கு பணம் கட்டி நான் வாங்கிய படம் ஒன்று, ஒரு தளத்தில் சில மாதம் கழித்து என் பட்டியலிலிருந்து மறைந்தது. கேட்டதற்கு, உரிமைக்காரருடன் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. நான் ஒப்புக்கொண்ட விதிமுறைகளில் அது எங்கோ எழுதியிருந்ததாம்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இதற்கென்றே 2024இல் ஒரு சட்டம் போட்டு, 2025 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. பின்னால் பறிக்கக்கூடிய உரிமத்தை, அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று விற்கக் கூடாது. எச்சரிக்கை ஒட்டுவதோடு நின்றுவிட்டது அந்தச் சட்டம், அது போதாது. நம்மிடம் இன்னும் நல்ல கருவி இருக்கிறது. நுகர்வோரை ஏமாற்றும் வடிவமைப்புகளைத் தடுக்க 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. விற்றதாகக் காட்டிவிட்டு வாடகைக்குக் கொடுப்பதையும் அந்தப் பட்டியலில் சேர்க்க நீங்கள் நுகர்வோர் துறையோடு ஒரு வார்த்தை பேசினால் போதும். நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை.

தயாரிப்பாளர்கள் தரப்பு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். தமிழ் சினிமா திருட்டு நகலால் பட்ட அடி கொஞ்சமல்ல. படம் வெளியான அன்று மாலையே பேருந்து நிலையத்தில் வட்டு விற்ற காலத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம். 2004இல் தமிழக அரசு குண்டர் தடுப்புச் சட்டத்திலேயே வீடியோ திருடர்களையும் சேர்த்தது. சாராயம் காய்ச்சுபவரும் நில அபகரிப்பாளரும் வரும் பட்டியலில் திருட்டு விசிடிக்காரரும் இடம் பெற்றார். 2023இல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி, தியேட்டரில் படத்தைப் பதிவு செய்பவருக்கு மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, தயாரிப்புச் செலவில் ஐந்து சதவீதம் வரை அபராதம் என்று கொண்டுவந்தீர்கள். வேண்டும்தான். அந்தத் திருத்தத்திலும் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்குகளுக்கு இடம் விட்டிருக்கிறீர்கள் என்பதைக் கவனித்தேன், நன்றி. ஆனால் இந்தக் கடுமைக்கும் நான் கேட்பதற்கும் மோதல் எங்கே இருக்கிறது? விற்பவனைப் பிடியுங்கள், இணையத்தில் ஏற்றுபவனைப் பிடியுங்கள். வாங்கியவர் தன் வரவேற்பறை டிவியிலும் மகளின் டேப்லெட்டிலும் ஒரே படத்தைப் பார்ப்பதால் எந்தத் தயாரிப்பாளரின் இரண்டாவது விற்பனை போயிற்று?

படைப்பாளிக்கு ஏதாவது ஈடு தர வேண்டும் என்ற வாதம் இதைவிட கனமானது. ஜெர்மனி 1965 சட்டத்திலேயே ஒரு வழி கண்டது: பதிவு செய்யும் கருவிகளின் விலையோடு ஒரு தீர்வையைச் சேர்த்து, அதைக் கலைஞர்களின் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. ஐரோப்பாவின் பல நாடுகள் பின்பற்றுகின்றன. பிரிட்டன் வேறு வழியில் போனது. 2014 அக்டோபரில், வாங்கிய பாட்டைச் சொந்த உபயோகத்துக்கு நகல் எடுக்கலாம், அதற்குத் தனி ஈடு தேவையில்லை, அது விற்பனை விலையிலேயே அடங்கியிருக்கிறது என்று விதி போட்டது. இசைக் கலைஞர்களின் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. அப்படி அடங்கியிருக்கிறது என்பதற்கு அரசு போதுமான ஆதாரம் காட்டவில்லை என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2015 ஜூலையில் விதியையே ரத்து செய்தது. அங்கே இடித்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரு நெறிமுறை. அது நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும், விதியை எழுதுவதற்கு முன்பே ஆதாரத்தைத் திரட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அந்த வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

தீர்வை முறை நமக்கு வேண்டாம் என்பது என் கருத்து. மெமரி கார்டுக்கு வரி போட்டால், பயிரின் படத்தை எடுத்து வேளாண் அலுவலருக்கு அனுப்பும் விவசாயியும் சேர்த்துக் கட்டுவார், எந்தப் பாட்டையும் நகல் எடுக்காமலே. அந்தப் பணம் எந்தச் சங்கத்துக்குப் போய், யார் கைக்கு வரும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் படத்துக்கு வெளியே வரும் வருமானத்தில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு உண்டு என்று எழுதவே 2012 வரை ஆயிற்று. அதற்காக மாநிலங்களவையில் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மன்றாட வேண்டியிருந்தது. அந்தப் பங்கை ஒழுங்காக வாங்கிக் கொடுப்பதில் அரசு கவனம் வைத்தால், கேட்பவர்களாகிய நாங்கள் அதற்கு முதல் கையெழுத்துப் போடுவோம்.

ஒரு முரணைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2025 டிசம்பரில் உங்கள் துறையின் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் முறையாக எட்டக்கூடிய படைப்புகளையெல்லாம் கட்டாய உரிமத்தின் பேரில் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம், அதற்கு உரிமைத்தொகை கட்டினால் போதும், படைப்பாளி மறுக்க முடியாது என்பது அதன் யோசனை. அது சரியா தவறா என்று இங்கே பேசவில்லை. கோடிக்கணக்கான பாட்டுகளை ஒரே வாயில் விழுங்கும் இயந்திரத்துக்கு வழி அமைக்க இவ்வளவு யோசிக்கும்போது, ஒரே ஒரு பாட்டை விலை கொடுத்து வாங்கியவருக்கு ஒரு வரி எழுதுவது அவ்வளவு சிரமமா?

இன்னொன்று, எங்கள் காலத்தைத் தாண்டிய விஷயம். முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் 1931இல் வந்தது. அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. அந்தக் காலத்துத் தமிழ்ப் பாட்டுகளில் இன்று நாம் கேட்கக்கூடியவை மிஞ்சியதற்கு, பழைய இசைத்தட்டுகளைப் பரணில் வைத்துக் காப்பாற்றிய தனி மனிதர்கள் முக்கியமான காரணம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி புத்தகம் வெளியிடுபவர் பொது நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. படத்தின் பதிப்புரிமை, வெளியான அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. 1964இல் வந்த படங்களுக்கு அது 2024 முடிவோடு முடிந்தது. அவற்றின் பிரதி யார் யாரிடமோ இருக்கிறது, தேடி எடுக்கலாம். 2024இல் இணையத் தளத்தில் மட்டும் வெளியான படம் 2085 ஜனவரி 1 அன்று மக்களுக்குச் சொந்தமாகும். அன்று அதை யாரிடம் போய் வாங்குவது? சட்டம் தந்த உரிமைக்குக் காலக்கெடு உண்டு, பூட்டுக்குக் கிடையாது. தளம் மூடியிருக்கும், சாவி எந்தச் சர்வரில் இருந்தது என்று சொல்ல ஆள் இருக்காது.

ஆகவே நான் கேட்பதைக் குறிப்பாகவே சொல்லிவிடுகிறேன். (ஏடி) உட்பிரிவுக்குப் பக்கத்தில் ஒலிப்பதிவுக்கும் திரைப்படத்துக்கும் ஒரு புது உட்பிரிவு சேருங்கள். விலை கொடுத்து வாங்கிய, அன்பளிப்பாகவோ வாரிசாகவோ முறையாகப் பெற்ற பிரதியிலிருந்து, ஒருவர் தானாகவோ பிறர் உதவியோடோ, தன் உபயோகத்துக்கும் உடன் வசிக்கும் குடும்பத்தாரின் உபயோகத்துக்கும், காப்புக்காகவும் வேறு கருவியில் ஓட்டுவதற்காகவும் முழு நகல் எடுக்கலாம் என்று அதில் இருக்கட்டும். வாடகைக்கும் சந்தாவுக்கும் கிடைத்தது இதில் வராது என்று தெளிவாகவே எழுதுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. மூலப் பிரதியை விற்றாலோ கொடுத்தாலோ நகலும் அதோடு போக வேண்டும், அல்லது அழிக்கப்பட வேண்டும். கடன் வாங்கி வந்த வட்டிலிருந்து நகல் எடுக்கும் பழக்கம் நம் ஊரில் கல்லூரி விடுதிகளின் தனிப் பண்பாடாகவே இருந்தது. அதையும் சேர்த்துக் கேட்டால் பேராசை ஆகிவிடும், கேட்கவில்லை.

வாரிசு என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன். அப்பா விட்டுப்போன இசைத்தட்டுகள் மகனுக்கு வருகின்றன. அப்பா கணக்கில் வாங்கிய பாட்டுகள் கடவுச்சொல்லோடு போய்விடுகின்றன.

கூடவே, இந்த உரிமையை எந்த ஒப்பந்த விதிமுறையாலும் பறிக்க முடியாது என்றும் ஒரு வரி வேண்டும். இல்லையென்றால் நாடாளுமன்றம் கொடுப்பதை, யாரும் படிக்காத விதிமுறைப் பக்கத்தில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தில் விழும் ஒரு டிக் திரும்ப வாங்கிக்கொள்ளும். சிங்கப்பூர் தன் 2021 பதிப்புரிமைச் சட்டத்தில் சில விலக்குகளை இப்படி ஒப்பந்தத்துக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறது. நிரந்தர விற்பனை என்று பணம் வாங்கும் தளம், விலகும்போதோ மூடும்போதோ, வாங்கியவருக்குப் பூட்டில்லாத ஒரு கோப்பை இறக்கிக்கொள்ளப் போதிய அவகாசம் தர வேண்டும். 2013இல் ஒரு கடை தானாகவே செய்ததைத்தான் சட்டமாகக் கேட்கிறேன்.

65ஏ பிரிவை மட்டும் தொடாதீர்கள். அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் ஆண்டுதோறும் அறிவுசார் சொத்து விஷயத்தில் இந்தியாவை முன்னுரிமைக் கண்காணிப்புப் பட்டியலில் வைக்கிறது. பேச்சுவார்த்தை மேசையில் மாங்காய்க்கும் ஜவுளிக்கும் ஏதாவது விட்டுக்கொடுக்க வேண்டிய நேரம் வரும். ஒரு பிரிவில் 'மீறும் எண்ணத்தோடு' என்ற இரண்டு சொல்லை எடுத்துவிடுவது யாருக்கும் வலிக்காத சலுகையாகத் தோன்றும். அந்த இரண்டு சொல்லில்தான் வாங்குபவரின் பாதுகாப்பு முழுவதும் தொங்குகிறது.

அடுத்த திருத்தத்துக்கான கருத்துக் கேட்பை எப்போது நடத்தினாலும், நிறுவனங்களுக்கும் சங்கங்களுக்கும் போடும் நாற்காலிகளோடு வாங்குபவர்களுக்கும் சிலவற்றைப் போடுங்கள். டெல்லியில் மட்டும் வைத்துவிடாமல் சென்னையிலும் ஒரு நாள் வையுங்கள். நான் வருகிறேன், எல்லா வட்டுக்கும் ரசீது இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் வட்டுகள் இருக்கின்றன, கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
காசு கொடுத்துப் பாட்டு வாங்கும் ஒருவர்